ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கிய பாரம்

கோவர்த்தனனின் காரிலிருந்து நான் கழற்றி இறக்கிய பாரம் கோயமுத்தூர் கணபதியில் எங்கள் பட்டறை வீதியிலேயே ஏழு வாரம் கிடந்தது. அந்த ஏழு வாரமும் வீதியில் ஒருவராலும் ஒரு ஆளாக நின்று குழாயைத் திறக்க முடியவில்லை, பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை, ஊறுகாய் பாட்டிலின் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. கையால் சுற்றவேண்டிய எதுவானாலும் இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்தான் அசைந்தது. ஆறுச்சாமி வேண்டுமென்றேதான் செய்தான் என்று இப்போது பேசுகிறார்கள். நான்தான் ஆறுச்சாமி. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

கோவர்த்தனன் மில் வீட்டுக்காரன். வயது எழுபத்து நான்கு, இன்னமும் சின்ன முதலாளி. பெரிய முதலாளி செத்து முப்பது வருசமாகியும் இவனைப் பெரியவனாக்க யாருக்கும் மனம் வரவில்லை. எதிரில் நின்றால் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வேன். எழுதும்போது 'அவன்'தான்.

நாற்பத்தாறு வருசத்துக்கு முன்னால் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் கார் பந்தயம் நடந்தது. அவன் ஓட்டினான், நான் அவனுக்கு மெக்கானிக். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத, கரும்பச்சை நிற இங்கிலீஷ் கார் அது. ஸ்டீயரிங் ஆட்டுக்கல் குழவியைச் சுற்றுவது மாதிரிக் கனக்கும். கை வலுவுள்ளவனுக்கு அந்தக் கனம் நல்லது, ரோடு என்ன சொல்கிறது என்று உள்ளங்கையிலேயே தெரியும். இவனுக்குக் கை வலு கிடையாது; மேசையில் கையெழுத்துப் போட்டு வளர்ந்த கை. ஏழாவது சுற்றில் வளைவு வந்தபோது கார் வளையவில்லை, நேராகப் போய் வைக்கோல் கட்டுகளைப் பிளந்துகொண்டு சாய்ந்து நின்றது. அவன் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, சுற்றி நின்ற அத்தனை பேர் கேட்கவும் சொன்னான்: "ஆறுச்சாமி ஸ்டீயரிங் நட்டை இறுக்காம விட்டுட்டான்."

ஒருத்தன்கூடக் குனிந்து அந்த நட்டைப் பார்க்கவில்லை. முதலாளி சொன்னபிறகு எவன் முட்டி போட்டுப் பார்ப்பான்.

அன்றிலிருந்து எனக்கு 'லூஸ் நட்டு' என்று பேர். பந்தய வண்டி எதையும் அதற்குப்பிறகு என்னைத் தொடவிடவில்லை. மச்சான் கல்யாணத்தில் பந்தக்கால் கட்டும்போது, "மாப்ள, கயித்தையாவது இறுக்கிக் கட்டுங்க" என்றார்கள். பந்தலே சிரித்தது, கட்டிக்கொண்டவளும் முந்தானைக்குள் சிரித்தாள். அவளோடு மூன்று மாதம் நான் பேசவில்லை. எதிர் பட்டறை நாச்சிமுத்து, என்னைவிடப் பத்து வயது இளையவன், லேத்துக்காரன், தினமும் காலையில் கடையைத் திறக்கும்போதே கேட்பான்: "ஏனுங்ணா, இன்னிக்கு எல்லாம் இறுக்கமா இருக்குதுங்களா?" தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.

அப்படிப்பட்ட கோவர்த்தனன் போன ஐப்பசியில் அதே காரைக் கொண்டுவந்து என் பட்டறை முன்னால் நிறுத்தினான். அவன் ஓட்டிவரவில்லை, டிரைவர் ஓட்டிவந்தான். அவனுக்கு வலது தோள் உறைந்துபோய்க் கை காது உயரத்துக்கு மேல் எழும்பாது.

"ஆறுச்சாமி, இதுக்கு பவர் ஸ்டீயரிங் வைக்கணும். சாகறதுக்குள்ள நானே ஓட்டணும்."

"பெரிய கம்பெனிகள்ல கேட்கலீங்களா?"

"பழைய காரை வெட்டக்கூடாதுங்கறானுக. இந்த வண்டில உன் கை படாத இடமே கிடையாது. நீதான் வைக்கணும்."

"வெக்கிறனுங்க. அப்படியே அந்த நட்டையும் ஒருக்கா பார்த்துடட்டுங்களா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பழசெல்லாம் எதுக்கு இப்ப" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேலையை ஒப்புக்கொண்டேன். வேறு எதற்காகவும் இல்லை.

பழைய ஸ்டீயரிங் பாக்ஸ் என்பது தேங்காய் அளவில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் அடியில் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், தண்டில் ஒரு இரும்புக் கை, அந்தக் கையைப் பிடித்துவைக்கும் ஒரு பெரிய நட்டு. அந்த நட்டுதான். பாக்ஸைக் கழற்றிவிட்டு, சின்ன கார் ஒன்றின் ரேக்கை, அதாவது சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த கம்பியை, அந்த இடத்தில் வைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் மோட்டார் வைத்த தண்டைப் பொருத்தி, பாட்டரியிலிருந்து தனி வயர் இழுக்கவேண்டும். நாம் விரலால் தொட்டால் மோட்டார் திருப்பிக்கொடுக்கும். ஒன்பது நாள் வேலை. மூன்றாம் நாள் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, நாற்பத்தாறு வருசத்து கிரீசையும் மண்ணையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.

மஞ்சள் கோடு இருந்தது.

நட்டை இறுக்கிய பிறகு தீக்குச்சி முனையால் மஞ்சள் பெயிண்டைத் தொட்டு, தண்டின் முனையிலிருந்து நட்டின் மேலேறி இரும்புக் கை வரைக்கும் ஒரே கோடாக இழுத்துவிடுவது என் பழக்கம். நட்டு ஒரு மயிரிழை தளர்ந்தாலும் கோடு உடைந்துவிடும், பொய் சொல்லாது. அந்தக் கோடு நான் இழுத்தபடியே, நூல் பிடித்தமாதிரி நேராக இருந்தது. காருக்கு அடியில் அப்படியே ஒரு மணி நேரம் படுத்துக்கிடந்தேன். வெளியே நாச்சிமுத்து யாரிடமோ, "லூஸ் நட்டு தூங்கீருச்சாட்ட இருக்குது" என்றான்.

நட்டைத் தொடாமல், இரும்புக் கையின் மறுமுனையில் ஜாயிண்டைப் பிரித்து, பாக்ஸை நட்டோடும் கோட்டோடும் முழுதாக இறக்கினேன். பத்து கிலோ தாங்கத் தயாராகக் கையை வைத்திருந்தேன். அது காலித் தீப்பெட்டி மாதிரி என் கையில் வந்து உட்கார்ந்தது. பழசானால் இரும்பும் இளைக்கும் போல என்று நினைத்து அலமாரியில் வைத்தேன். ஃபேன் காற்றில் அது நகர்ந்ததால் மேலே ஒரு ஸ்பேனரைத் தூக்கிவைத்தேன்.

எங்கள் வீதியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியில் எதைக் கழற்றினாலும், தேய்ந்த பேரிங்கோ கிழிந்த வாஷரோ, துடைத்து வண்டிக்கு உடையவனின் இரண்டு கையிலும் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவன் அதைச் சாக்கடையில் எறியட்டும், அது அவன் பாடு. கழற்றியது பட்டறையில் தங்கக்கூடாது. புதுசு போட்டேன் என்பதற்கு அத்தாட்சி என்பார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் காரணம் எதுவும் சொன்னதில்லை, கொடு என்று மட்டும்தான் சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் கோவர்த்தனன் வந்து உட்கார்ந்து சுண்டுவிரலால் ஸ்டீயரிங்கைத் தொட்டான். சக்கரம் திரும்பியது. மறுபக்கம் தொட்டான், அந்தப் பக்கமும் திரும்பியது. கிழவன் முகம் குழந்தை முகமாகிவிட்டது. "காலி ஊஞ்சலைத் தள்ற மாதிரி இருக்கு ஆறுச்சாமி. பழசு எங்கே?"

"இரும்புக் கடைக்குப் போயிருச்சுங்க."

பட்டறையில் நின்று நான் சொன்ன ஒரே பொய் அது. அந்தக் கோடுதான் எனக்கிருந்த ஒரே சாட்சி. சாட்சியைத் தூக்கி எதிராளி கையில் கொடுக்க நான் என்ன பைத்தியமா. அவன் ஒற்றை விரலால் வளைத்து வீதியைவிட்டுப் போனான். கார் லேசாகப் போனது. பாரம் போகவில்லை.

மறுநாள் காலை வீதிக் குழாய் திறக்கவில்லை. துளசிமணிதான் முதலில் பார்த்தது. வீதிமுனையில் மெஸ் நடத்துகிறவள், அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் வீதியில் கிடையாது. அவள் ஒரு கையால் திருகி, இரண்டு கையால் திருகி, சேலையைச் சுற்றித் திருகி, கடைசியில் நாச்சிமுத்துவைக் கூப்பிட, இரண்டு பேர் சேர்ந்து பிடித்ததும் கிணற்று உருளை மாதிரி முனகிக்கொண்டு திறந்தது. நாச்சிமுத்து திரும்பிப்போய் லேத்தின் கைச்சக்கரத்தைப் பிடித்தான், அது அசையவில்லை. மோட்டார் சுற்றுவதெல்லாம் சுற்றியது. மனிதன் கை சுற்றுவதுதான் கனத்தது. வெளியூர் ஆட்டோக்காரன் ஒருத்தன் வீதிக்குள் வந்து ஹாண்டிலைத் திருப்பமுடியாமல் நேராகப் போய் மறுமுனையில் நின்று, அங்கேயே ஆளை இறக்கிவிட்டு நேராகவே போய்ச் சேர்ந்தான்.

இப்படி ஒன்று நடந்தால் ஜனம் அலறி ஓடும் என்று நினைப்பீர்கள். எங்கள் வீதி அப்படியில்லை. இரண்டாம் நாள் கார்ப்பரேஷனுக்கு மனு எழுதினார்கள், மூன்றாம் நாள் பழகிக்கொண்டார்கள். காலையில் வாசல் பூட்டைத் திறக்கப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது வருசமாகப் பேசாத பங்காளிகள் இரண்டு பேர் ஒரே குழாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திறந்து, குடத்தை நிரப்பி, பேசாமலே மூடிவிட்டுப் போனார்கள். பிள்ளையார் கோவில் அய்யர் தட்டைச் சுற்ற முடியாமல் கற்பூரத்தை மேலும் கீழுமாகக் காட்டினார், சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மாசமான பெண்ணுக்குத் திருஷ்டி சுற்ற மாமியாரும் அம்மாவும் சேர்ந்து ஒரே பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டு, நீ இந்தப் பக்கம் நான் அந்தப் பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டே சுற்றினார்கள். துளசிமணியால் சாம்பாரைக் கலக்க முடியவில்லை, அதனால் முதலில் வந்தவனுக்குத் தண்ணியும் கடைசியில் வந்தவனுக்குப் பருப்புமாக விழுந்தது, அதனால் எல்லோரும் கடைசியில் வந்தார்கள், அதனால் மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு நடந்தது. லேத்தில் இரண்டு பேர் பிடித்துக் கடைந்த சாமான் கை நழுவாமல் மயிரிழை சுத்தமாக வந்ததால், பட்டறை வீதி வேலை மாதிரி வராது என்று வெளியே பேர் வந்தது. மூன்று நாள் வேலை மட்டும் ஒன்பது நாள் ஆனது.

காரணத்தை யாரும் தேடவில்லை. ஐந்தாம் வாரம் துளசிமணி கரண்டியைச் சாம்பாருக்குள் விட்டுவிட்டு நேராக என் பட்டறைக்கு வந்தாள். அலமாரியில் இருந்த பாக்ஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினாள். அது உருண்டது.

"அந்தக் கார் கனமா வந்துச்சு, லேசாப் போச்சு" என்றாள். "நடுவுல இருந்தது எங்கண்ணா போச்சு? என் கரண்டிலயும் நாச்சிமுத்து சக்கரத்துலயும் வந்து ஏறிக்கிச்சு. கழட்டுனதை உடையவன் கையில கொடுத்தீங்களா?"

"கொடுக்கலை."

"ஏன்?"

கோட்டைக் காட்டினேன். அதற்குள் நாச்சிமுத்துவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தர் முகத்துக்கு நேராகவும் பாக்ஸைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அதைத் திருப்புவதற்கே ஒரு பக்கம் துளசிமணி பிடிக்கவேண்டியிருந்தது. "பாருங்க, நட்டு அசையல. அவன் இங்க வந்து, இந்த வீதில நின்னு, நட்டு இறுக்கமாத்தான் இருந்துச்சுன்னு சொல்லட்டும். அன்னிக்கே கொடுத்தர்றேன்."

"உங்க நட்டு உங்களுக்கு" என்றாள் துளசிமணி. "எங்க குழாய் எங்களுக்கு."

அன்றிலிருந்து வீதி என்னோடு பேசவில்லை. இரண்டு பேர் தேவைப்படுகிற ஊரில் ஒருத்தனோடு யாரும் பேசாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். என் பட்டறைப் பூட்டைத் திறக்க ஆள் வரவில்லை. பாக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்து வேலை செய்தேன். குழாயைப் பிடிக்க ஆள் வரவில்லை. மழைத் தண்ணீரில் குளித்தேன். என் வீட்டுக்காரி மகன் வீட்டுக்குத் திருப்பூர் போய்விட்டாள். போகும்போது, "ஒரு நட்டுக்காகவா" என்று கேட்டாள். ஆமாம், ஒரு நட்டுக்காக. கட்டிட முதலாளி கார்த்திகை மாதம் முடிவதற்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்னான். முப்பத்தெட்டு வருசப் பட்டறை. போனால் போகட்டும், கோட்டோடு போவேன் என்றேன்.

ஏழாவது வாரம் கோவர்த்தனனே வந்தான். சனிக்கிழமை பழைய கார்களின் கண்காட்சி இருந்தது. அசல் பாகத்தைக் கழற்றியிருந்தால் அதைக் கொண்டுவந்து மேசையில் காட்டினால்தான் காரைச் சேர்ப்பார்களாம். பாக்ஸ் என்னிடம்தான் இருக்கிறது என்று துளசிமணி ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு, எவனும் ஹாண்டிலைத் திருப்ப முடியாத வீதிக்குள் அவன் ஒற்றை விரலால் வளைத்துக்கொண்டு நுழைந்தான். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பாதியாவது அவன் மேல் விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

குழாயடியில் இறங்கினான். "ஆறுச்சாமி, பாக்ஸைக் கொடு."

எடுத்துவந்து அவன் மூக்குக்கு நேராகக் கோட்டைக் காட்டினேன். "படிக்கத் தெரியுதுங்களா?"

பார்த்தான். அவனுக்குத் தெரியும். பந்தயத்துக்கு முந்தின நாள் நான் தீக்குச்சியால் அந்தக் கோட்டை இழுக்கும்போது பக்கத்தில் நின்று, என்ன கோலம் போடுறியா என்று கேட்டவனே அவன்தான்.

"பெயிண்ட் யார் வேணும்னாலும் அடிக்கலாம்" என்றான்.

நாச்சிமுத்து லேத்துக் கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "கொடுத்துருங்ணா, சோலி கெடக்குது" என்றான். ஒரு ஆள்கூட, முதலாளி, நீங்க சொல்றது தப்புங்க என்று சொல்லவில்லை. நாற்பத்தாறு வருசமாக நான் வைத்துக்கொண்டிருந்த சாட்சியை நேரில் பார்த்தும் அவர்களுக்குக் குழாய்தான் பெரிதாக இருந்தது. சரி, வழக்கம் வழக்கம்தானே என்று நினைத்தேன்.

"வாங்கிக்குங்க" என்றேன்.

சில்லறை வாங்குகிற மாதிரி இடது கையை மட்டும் நீட்டினான்.

"ரெண்டு கையிலயும் வாங்கணுங்க. எங்க வழக்கம்."

வலது கையையும் வலியோடு கொண்டுவந்து சேர்த்தான். நான் வைத்தேன். வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் எல்லாப் பூட்டிலும், எல்லா மூடியிலும், கரண்டியிலும், கற்பூரத் தட்டிலும், கைச்சக்கரத்திலும் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் மொத்தமும் இறங்கிவந்து அந்தத் தேங்காய் அளவு இரும்புக்குள் புகுந்தது. கோவர்த்தனனின் முழங்கால் மடங்கியது. குழாய்த் திட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். பாக்ஸ் அவன் மடியில் இருந்தது, இரண்டு கையும் அதன் அடியில் மாட்டிக்கொண்டிருந்தன.

"எடு" என்றான்.

"சொல்லுங்க."

"கை போகுது, ஆறுச்சாமி."

"எனக்குப் பேர் போச்சுங்க. சொல்லுங்க."

டிரைவர் ஓடிவந்து தூக்கிப்பார்த்தான், அசைக்க முடியவில்லை. கோவர்த்தனன் என்னைப் பார்த்தான். முதல்முறையாக, மெக்கானிக்கைப் பார்க்கிற மாதிரி இல்லாமல் பார்த்தான். பிறகு சொன்னான்.

"நட்டு இறுக்கமாத்தான் இருந்தது. வளைவுல என்னால திருப்ப முடியல. எனக்குக் கைவலு பத்தல."

சொன்னான். என் காதால் கேட்டேன். ஆனால் அதே நேரத்தில் துளசிமணி சந்தேகத்தோடு ஒற்றை விரலால் குழாயைத் தொட, அது பீறிட்டுத் திறந்து, "திறந்துருச்சு" என்று அவள் கத்த, வீதி முழுக்கக் குடத்தோடு ஓடிவந்தது. நாற்பத்தாறு வருசம் காத்திருந்த வாக்கியம் தண்ணீர்ச் சத்தத்தில் போயிற்று.

"மறுபடி சொல்லுங்க."

சொன்னான்.

"சத்தமா."

மூன்றாம் தடவை அழுதுகொண்டே சொன்னான். நாச்சிமுத்து ஒரு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினான். "என்னங்ணா சொல்றாரு?"

"நட்டு இறுக்கமா இருந்துச்சாம்."

"ஓ, அதுங்களா" என்றான் நாச்சிமுத்து. "அது யாருக்குத் தெரியாது. அவரால அந்த ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாதுன்னு எங்கப்பன் அன்னிக்கே சொன்னாரே."

"அப்புறம் எதுக்குடா இத்தனை வருசம் அப்படிக் கூப்பிட்ட?"

"சும்மா, ஒரு பேச்சுக்குத்தானுங்ணா."

துளசிமணியைப் பார்த்தேன். அவள் குடத்தைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்தேன். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

பாக்ஸை நாலு பேர் சேர்ந்து தூக்கிக் காரில் வைத்தார்கள், நான் கை வைக்கவில்லை. காரின் பின்புறம் தரையைத் தொடுகிற மாதிரி அமுங்கியது. டிரைவர்தான் ஓட்டிப்போனான், கோவர்த்தனன் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கைகள் யாருடையதோ என்கிற மாதிரி பார்த்துக்கொண்டு போனான். மறுநாள் கண்காட்சியில் பாக்ஸை வைத்த மேசையின் கால் முறிந்ததாகச் சொன்னார்கள். நான் போகவில்லை.

சாயங்காலம் எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்துப் போனபிறகு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. யாரும் சரியாக மூடவில்லை. ஏழு வாரம் கழித்து இலேசாகத் திரும்புகிற சந்தோசத்தில் எவனுக்கு மூடத் தோன்றும். நான் போய் மூடினேன். எத்தனை இறுக்கவேண்டுமோ அத்தனை இறுக்கினேன். பிறகு பட்டறையிலிருந்து மஞ்சள் பெயிண்டையும் ஒரு தீக்குச்சியையும் எடுத்துவந்தேன்.

மறுநாள் காலை துளசிமணி திருகினாள், வரவில்லை. நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள், இரண்டு பேர் பிடித்தார்கள், வரவில்லை. மூன்று பேர், நாலு பேர். பாரம் திரும்பி வந்துவிட்டது என்று குடத்தோடு வீதியே என் பட்டறை வாசலில் வந்து நின்றது. நான் அப்போதுதான் பூட்டை ஒற்றைக் கையால் திறந்துகொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா" என்று ஆரம்பித்தான் நாச்சிமுத்து.

"குழாயைப் போய் நல்லாப் பாரு" என்றேன்.

குனிந்து பார்த்தார்கள். எல்லோருமே குனிந்து பார்த்தார்கள். கோடு உடையவில்லை.